கைக்கணக்கும் தராசும்

உத்திரமேரூர்ப் பக்கம் கொல்லையில் வேர்க்கடலை போட்டவர்களிடம் காட்டுப்பன்றியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ராத்திரி கூட்டமாக இறங்கினால் விடியும்போது ஒரு வரிசை செடி மிஞ்சாது. அதற்காகத்தான் என் அப்பாவிடம் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கொடுத்த லைசென்ஸ். குழலின் வாய்வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுச் சலாகையால் கெட்டிக்கிற வகை. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பன்றியை இஷ்டத்துக்குச் சுட முடியாது. ஆகவே அப்பா பெரும்பாலும் ரவையே போடமாட்டார். மருந்தும் தேங்காய் நாரும் மட்டும்தான். சத்தத்துக்குப் பன்றி ஓடும், சில நாளில் திரும்பி வரும்.

நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது குழல் கழுவுகிற பையனாகத்தான். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் படிவாகவும் கெட்டிப்பொருளாகவே தங்கிவிடும். அந்தப் படிவு ஈரத்தை இழுக்கும். ஒரு நாள் விட்டால் குழலுக்குள் துரு. எண்ணெய் மட்டும் தடவினால் போகாது, தண்ணீர்தான் வேண்டும். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பார், நான் புனல் வைத்து ஊற்றுவேன், கறுப்பாக வந்த தண்ணீர் தெளிவாக வரும்வரை. பிறகு துணி சுற்றிய கோல், கடைசியில்தான் எண்ணெய்.

அப்பா கெட்டிப்பதை வேடிக்கை பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். கூடுதலாகத் தோன்றினால் சிட்டிகையால் எடுத்துத் திரும்ப டப்பாவில் போடுவார். குழலில் விட்டு, நாரை உருண்டையாக்கித் திணித்து, சலாகையால் குத்துவார். முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். கெட்டிப்பு இறுகியதும் சலாகை மேலே துள்ளும், சத்தமும் மாறும். அதுதான் அவருக்கு அடையாளம். தீ மூட்டும் சின்னக் கேப்பைக் குழலடி நிப்பிளில் வைப்பது எல்லாம் முடிந்து, குழல் வாய் வானத்தைப் பார்த்திருக்கும்போதுதான். அந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் அளவு? அது கையின் கணக்கு. எடைக்கல் எதையும் அவர் தொட்டதில்லை, அவர் துப்பாக்கியும் கடைசிவரை வெடித்துச் சிதறவில்லை.

இந்தக் கைக்கணக்கு எப்படிச் செல்லுபடியானது, எங்கே செல்லாமல் போனது என்பதைத்தான் நான் பிற்பாடு தொழிலில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து தென்மேற்கே வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் அங்கேதான் மோதின. இரு பக்கத்துச் சிப்பாய்களும் செய்தது அப்பா செய்த வேலையைத்தான். அவர்களுக்கு அளவு முன்கூட்டியே காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் சேர்த்துக் கெட்டிப்பார்கள். நூறு வருஷம் கழித்து, 1857-இல், அதே மாதிரிச் சுருளில் தடவிய கொழுப்பு என்ன கொழுப்பு என்ற சந்தேகம் வடக்கே என்ன செய்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வந்தவாசிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்களின் மருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்ததுதான் அவர்கள் இடப்பக்கம் குலைந்ததற்குக் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். மருந்தைக் கையாளுகிறவனுக்கு எதிராளியைவிட மருந்துதான் பெரிய ஆபத்து என்று நான் சொல்வது இதை வைத்து மட்டுமல்ல.

துப்பாக்கி என்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்க அவர்களுக்கு உள்ள உரிமையை எழுதிக் கொடுத்தார். அந்த ஊரில் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அப்பா அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் துப்பாக்கிப் பேச்சே எடுக்கமாட்டார்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேதான் பன்னிரண்டு போர் தோட்டாவை முதலில் பிரித்துப் பார்த்தேன். குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை, அதனால் அந்தப் பெயர். அப்பா குழலுக்குள் செய்ததையெல்லாம் இங்கே ஒரு காகிதக் கூட்டுக்குள் செய்திருந்தார்கள். அடியில் பித்தளைத் தொப்பி, அதன் நடுவில் கேப், மேலே மருந்து, அட்டை, ஃபெல்ட் வாடு என்ற அடைப்பு, ரவை, மறுபடி மெல்லிய அட்டை, கடைசியில் உள்நோக்கி மடித்த வாய்.

சுட்ட கூட்டில் திரும்ப மருந்து போடுவதற்கான பழைய சாமான்கள் பட்டறை அலமாரியில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. எரிந்த கேப்பைத் தட்டி எடுக்கும் ஊசி, புதுக் கேப்பை அழுத்தி உட்கார வைக்கும் பிடி, மருந்துக்கும் ரவைக்கும் அளவு மாற்றக்கூடிய பித்தளைக் கரண்டி, வாடு இறக்கும் மரக்கட்டை, மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் காகித வாயை உருட்டி மடக்குகிற சின்ன மிஷின். எஸ்டேட்காரர்களும் மிராசுதார்களும் வீட்டில் வைத்திருந்தவை, ஆள் போன பிறகு கடைக்கு வந்து சேர்ந்தவை. அந்த மடக்கு மிஷினைச் சுற்றுவதில் ஒரு சுகம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதக் கூடு ஊதிப்போகும். காலையில் நன்றாக இருந்த தோட்டா மாலையில் குழலடி அறைக்குள் நுழையாது. பிளாஸ்டிக் கூடு வந்தபோது பழைய ஆட்கள் வாசனை போய்விட்டது என்று குறைப்பட்டார்கள். நான் குறைப்படவில்லை.

பட்டறைக்கு ஒருமுறை ஒரு நாட்டுத் துப்பாக்கி வந்தது. குழல் அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, இரும்பு வெளிப்பக்கம் சுருண்டிருந்தது. கொண்டுவந்தவருக்கு இடதுகையில் கட்டு. விசாரித்தால், கரிமருந்து கிடைக்கவில்லை, பன்னிரண்டு போர் தோட்டாவைப் பிரித்து உள்ளிருந்த மருந்தை எடுத்து வழக்கமான கை அளவுக்குப் போட்டிருக்கிறார். எங்கள் மேஸ்திரி குழலைப் பார்த்துவிட்டு, "கை அதே கைதான், மருந்து வேற" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். கரிமருந்தை நெருக்கி அடைத்தாலும் அது எரியும் வேகம் பெரிதாகக் கூடாது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் உதைப்பு கூடும், புகை கூடும். நல்ல குழல் தாங்கிக்கொள்ளும். தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அது அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிவதால் அழுத்தம் இன்னும் ஏறும். கரிமருந்தை மனதில் வைத்து அடித்த குழலில் அதைப் போட்டால் குழலுக்குத் தப்பிக்க வழியில்லை. அப்பாவின் உள்ளங்கை மன்னிக்கிற மருந்தோடு பழகியது.

ரைஃபிள் தோட்டா இதிலும் ஒரு படி மேலே. பன்னிரண்டு போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 11,500 ராத்தல் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அது 62,000. சுடுகிறவன் கண்ணுக்கும் இந்த அழுத்தத்துக்கும் இடையே இருப்பது ஒரு பித்தளைக் கூடும் போல்ட்டும்தான். எங்கள் கடைக்கு வந்த ரைஃபிள்கள் பெரும்பாலும் .315. ராணுவம் பயன்படுத்திய .303 விட்டம் தனியாருக்குத் தடை என்பதால் அரசுத் தொழிற்சாலைகள் செய்து விற்றது அது. அதற்கான தோட்டா பெட்டியில் வரும், எண்ணிக் கொடுப்போம், லைசென்ஸ் புத்தகத்தில் எழுதுவோம். ரைஃபிள் கூட்டில் திரும்ப மருந்து போடும் வேலையை எங்கள் மேஸ்திரி பட்டறையில் எடுத்ததேயில்லை. "நம்மகிட்ட தராசு இருக்குது, அந்த மருந்துக்குக் கணக்குப் புஸ்தகம் இல்ல" என்பார். இத்தனைக்கும் மருந்து செய்கிற இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாஸ்லினையும் பிசைந்து இடியாப்பம் போல அச்சில் பிழிந்தெடுத்த கார்டைட் இழைகளைத்தான் அந்தக் காலத்து .303 கூட்டுக்குள் கட்டாக நிறுத்தியிருந்தார்கள்.

ரைஃபிள் தோட்டாவை வீட்டில் முறையாகச் செய்வதை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு. என் அக்கா மகன் டெக்சஸில் இருக்கிறான், அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவன், குறிபார்த்துச் சுடுவதில் பைத்தியம். கார் ஷெட்டில் ஒரு மூலை முழுக்க அவன் மேசை. நான் விசிட்டர் விசாவில் போனவன். அப்படிப்பட்டவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தொழில்காரனுக்கு அது லேசான காரியம் இல்லை.

மேசையில் பிரதானமாக இருந்தது பிரஸ். நெம்புகோலை இழுத்தால் கூட்டை மேலே தூக்கி, தலைப்பக்கம் திருகியிருக்கும் டை என்ற அச்சுக்குள் அழுத்தும். சுட்ட கூடு அறையின் அளவுக்கு விரிந்திருக்கும், டை அதைப் பழைய அளவுக்கு இறுக்கும், அதே இழுப்பில் டையின் நடு ஊசி எரிந்த பிரைமரையும், அதாவது கேப்பையும், தள்ளிவிடும். ஊசி தள்ள வேண்டுமானால் அடியில் நடுவாக ஒரே துளை இருக்க வேண்டும். அது பாக்ஸர் முறை, இங்கிலாந்தில் எட்வர்ட் பாக்ஸர் கண்டுபிடித்து அமெரிக்காவில் நிலைத்தது. இரண்டு சிறுதுளை ஓரமாக இருப்பது பெர்டன் முறை. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் கண்டுபிடித்து ஐரோப்பாவில் நிலைத்தது. பெர்டன் கூட்டை அந்த டைக்குள் விட்டால் ஊசிதான் உடையும்.

ஆனால் அவன் பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன்பே பாதிப் பொழுது போய்விடும், கூடுகளைப் பார்ப்பதில். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிக் கழுத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பான். அடிக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால், நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு சுவரைத் தடவுவான். கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த சுடலில் கூடு இரண்டாகப் பிரியும். அதை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுவான், மறதியாகக்கூட யாரும் எடுத்துவிடக் கூடாதாம்.

"எத்தினி தடவ சுட்ட கூடுடா இது?" என்று கேட்டேன்.

"எழுதி வெச்சிருக்கேன் மாமா" என்று நோட்டைக் காட்டினான். கூட்டின் பெட்டி எண், சுட்ட தடவை, கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்திய தேதி, எல்லாம். பித்தளையை அமுக்க அமுக்க இறுகிப்போகும், கழுத்து வெடிக்கும். அதனால் சில சுடலுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்க வேண்டும். அடிப்பக்கம் இளகிவிட்டால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே சூடு கழுத்தோடு நிற்க வேண்டும்.

செம்பு 70, துத்தநாகம் 30 என்ற அந்தப் பித்தளைக்கு நம் நாட்டோடு ஒரு பழைய வழக்கு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே தோட்டாக்களைச் சேமித்து வைத்திருந்தபோது மழைக்காலத்தில் கூடுகள் சுடாமலேயே தானாக வெடிப்பு விட்டன. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தோட்டாக்கள் இருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, மழை ஈரத்தோடு சேர்ந்து, அச்சில் இழுத்ததால் உள்ளுக்குள் விறைப்போடு இருந்த பித்தளையைத் தின்றிருக்கிறது. 1921-இல்தான் இந்தக் காரணம் தெளிவாக விளங்கியது. எங்கள் ஊரில் அப்பா காலத்து லைசென்ஸ்காரர்கள் தோட்டாப் பெட்டியை எங்கே வைப்பார்கள்? மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறைப் பரணில். பிள்ளைகள் கைக்கு எட்டாது என்ற நல்லெண்ணம்தான். வெடிப்பு விட்ட பழைய கூடுகளைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன், மட்டமான பித்தளை என்று மேஸ்திரி திட்டியதும் நினைவிருக்கிறது. குற்றம் பித்தளையில் இல்லை. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் தோட்டாவைத் துலக்குகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

மீதி வேலைகள் சுருக்கம். இறுக்கிய கூடு நீண்டிருக்கும். .308-க்கு உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், தாண்டினால் வாயைச் சீவிக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து குண்டை நெரித்து அழுத்தம் ஏறும். பிறகு புதுப் பிரைமர், மருந்து, குண்டு. குண்டை உட்கார வைக்கும் ஆழத்தையும் காலிப்பரால் அளப்பான்.

மருந்துதான் நான் நாள் முழுக்கப் பார்த்தது. அளவு கிரெய்ன் கணக்கில். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம், நம் பொற்கொல்லர் குன்றிமணியில் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்பான். தராசை ஒவ்வொரு முறையும் எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பான். மின்விசிறி ஓடக் கூடாது. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, அன்றைக்கு வேண்டியது மட்டும். மற்றதெல்லாம் அலமாரியில். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு பங்கு வேகமாக எரியலாம். எவ்வளவு போடுவது என்பதை மருந்து செய்த நிறுவனத்தின் கையேட்டில் பார்ப்பான், அதிலும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்குவான். நண்பர்கள் சொன்ன அளவை எடுத்துக்கொள்ளமாட்டான். "மாமா, இதுல கண்ணளவு செல்லாது" என்றான், எனக்குச் சொல்வதுபோல. அப்பாவைப் பற்றி அவனுக்கும் கதை தெரியும்.

மருந்து போட்ட கூடுகளை மரப்பலகைத் துளைகளில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டை எடுப்பான். ஒரு கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய எமன். போன் அடித்தால் எடுக்கமாட்டான். யாராவது கூப்பிட்டுப் பேச்சு நீண்டால், போட்டு வைத்த மருந்தை எல்லாம் திரும்ப டப்பாவில் கொட்டி முதலிலிருந்து தொடங்குவான். முடிந்ததும் ஈயம் பட்ட கையை முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் காப்பி.

வீட்டிலேயே செய்வதால் மிச்சம் உண்டா என்று கேட்பார்கள். அவனைக் கேட்டால், மிச்சம் என்று சொல்லி ஆரம்பித்து மூன்று மடங்கு சுடுவதால் செலவு அதே என்றான். அவனுக்கு வேண்டியது ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தோட்டா. அவன் துப்பாக்கிக் குழலுக்குப் பிடித்த அளவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய விளையாட்டு.

ஊருக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கும் பையன்கள் சிலர் ஆர்வமாகக் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னது, உங்களுக்கு இது தேவையே இல்லை என்பதுதான். நம் கிளப்புகளில் பெரும்பாலோர் சுடுவது காற்று ரைஃபிளும் .22-உம். காற்று ரைஃபிளுக்கு மருந்தே கிடையாது. .22 கூட்டில் தீப்பற்றும் கலவை விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது, ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், திரும்பப் பயன்படாது. பெரிய விட்டம் சுடுகிற சிலருக்குத்தான் இந்தப் பேச்சு. அவர்களுக்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. அனுமதியில்லாமல் தோட்டா தயாரித்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். பழைய கூட்டை நிரப்புவது தயாரிப்பில் சேராது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள், லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பன்றிப் பிரச்சினையும் வேறு கைக்குப் போய்விட்டது. 2025 ஜனவரியில் வந்த அரசு முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது. அது சரி என்றே நினைக்கிறேன், ஆள் வந்து சேர்வதற்குள் கடலை போய்விடுகிறது என்பது வேறு வருத்தம். பழைய லைசென்ஸ்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் துருவோடு வாங்கி வருகிறார்கள். பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு நிற்கிற ஊரில் தேர்தலைக் குறை சொல்லக் கூடாது. ஒப்படைக்கும் முன் குழலுக்குள் எண்ணெய் தாராளமாக விடுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் தோட்டாக்களோ மருந்து டப்பாவோ கேப் டப்பியோ பரணில் அகப்பட்டால் பிரித்துப் பார்க்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். நாட்டுத் துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தால் உள்ளே கெட்டிப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வருஷம் ஆனாலும் கரிமருந்து உலர்வாக இருந்தால் எரியும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அந்த ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கும்போது அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.